2492 மெகாஹெர்ட்ஸ் ஃபில்டர்: ரெசோனேட்டரைக் கூட்டினால் சரியாகுமா?

தூத்தூர்க்காரி:
எல்லாருக்கும் வணக்கம். மார்த்தாண்டம் பக்கம் எம்.இ. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அப்பா ஆழ்கடலுக்குத் தூண்டில் போடப் போகிறவர். அதனாலேயே நாவிக் (நம் நாட்டுச் செயற்கைக்கோள் வழிகாட்டி) ரிசீவருக்கான ஃபில்டரை ப்ராஜெக்டாக எடுத்தேன். நாவிக்கின் எஸ் பேண்ட் அலைவரிசையின் மையம் 2492.028 மெகாஹெர்ட்ஸ். அதற்குக் கீழே ஒட்டினாற்போல 2483.5 வரை வைஃபை. மேலே 2900 முதல் 3100 வரை பெரிய கப்பல்களின் ராடார். குமரிமுனையைச் சுற்றிப் போகும் கப்பல்களுக்கு நடுவில்தான் எங்கள் ஆட்கள் வேலை செய்கிறார்கள்.

1.6 மில்லிமீட்டர் எஃப்ஆர்-4 போர்டு, ஐந்து ஹேர்பின் ரெசோனேட்டர் (கொண்டை ஊசிபோல் வளைத்த, குறிப்பிட்ட அலைவரிசையில் ஒத்ததிரும் செம்புக் கோடு), 100 மெகாஹெர்ட்ஸ் அகலம். வீட்டில் ஃபெர்ரிக் குளோரைடு ஊற்றி அரித்து எடுத்தேன். சிமுலேஷனில் இன்சர்ஷன் லாஸ் (ஃபில்டருக்குள்ளேயே சிக்னல் இழப்பது) 1 டெசிபெல்கூட இல்லை. அளந்தால் 16! போதாததற்கு 5 ஜிகாஹெர்ட்ஸ் பக்கம் இன்னொரு பாஸ்பேண்ட் (சிக்னல் கடந்துபோகும் பட்டை) எழுகிறது. அதுவும் சிமுலேஷனில் பார்த்ததுதான், ஃபில்டரை அளக்கும் என் நானோ விஎன்ஏ 3 ஜிகாஹெர்ட்ஸோடு நின்றுவிடும். பாஸ்பேண்டின் ஓரம் இன்னும் செங்குத்தாக விழ ரெசோனேட்டரைக் கூட்டச் சொல்கிறார்கள். கூட்டட்டுமா?

குழித்துறை பாசஞ்சர்:
கூட்டாதே மக்களே. தினமும் குழித்துறையில் ரயில் ஏறித் திருவனந்தபுரம் போய் 19 வருடமாக இதே வேலைதான் பார்க்கிறேன், அதனால் உறுதியாகச் சொல்கிறேன்.

முதலில் அந்த 16. சிமுலேஷனில் டான் டெல்டாவை, அதாவது போர்டுப் பொருளே விழுங்கும் இழப்பின் அளவை, பூஜ்யமாக விட்டிருப்பாய். எஃப்ஆர்-4-க்கு அது 0.02 வரும், ரெசோனேட்டரின் க்யூ (இது கூடினால் இழப்பு குறையும்) 50-ஐ ஒட்டித்தான் நிற்கும். 0.1 டெசிபெல் ரிப்பிள் செபிஷேவ் வடிவமைப்பில் ஐந்து ரெசோனேட்டருக்கு அட்டவணையில் உள்ள ஜி மதிப்புகளின் கூட்டுத்தொகை 7. அதை 4.343-ஆல் பெருக்கி, 0.04 (100-ஐ 2492-ஆல் வகுத்தது) × 50-ஆல் வகுத்துப் பார்: 15 டெசிபெல். நீ அளந்தது சரியான அளவுதான், போர்டில் பிழை இல்லை. ஆறாவது ரெசோனேட்டர் வைத்தால் இன்னும் கூடும்.

இழப்பு குறைந்த ஆர்ஓ4003சி போர்டுக்கு மாறு. க்யூ 200 கிடைத்தால் நான்கு ரெசோனேட்டருக்கு 2.7 டெசிபெல்தான். ஓரம் செங்குத்தாக விழ எண்ணிக்கையைக் கூட்ட வேண்டாம், டிரான்ஸ்மிஷன் ஜீரோவை, அதாவது சிக்னல் கடக்காத அலைவரிசைப் புள்ளியை, வைக்க வேண்டும். ஒரு பக்கம் வெட்டுள்ள சதுர வளையங்களான நாலு ஓபன் லூப்பையும் சதுரமாக அடுக்கு. இரண்டாவதும் மூன்றாவதும் மூடிய பக்கத்தால் அடுத்தடுத்து இருக்கட்டும், அது காந்தக் கப்ளிங் (பிணைப்பு). ஒன்றாவதும் நான்காவதும் வெட்டுள்ள பக்கத்தால் ஒன்றையொன்று பார்க்கட்டும், அது மின் கப்ளிங். இரண்டும் எதிரெதிர் குறி என்பதால், பாஸ்பேண்டின் இரு புறமும் ஒவ்வொரு ஜீரோ விழும். ஹாங், லான்காஸ்டர் இருவரும் 1996-இல் காட்டிய வழி இது. எனக்கு இன்றும் கை கொடுக்கிறது.

5 ஜிகாஹெர்ட்ஸ் விஷயம் வேறு. அரை அலை ரெசோனேட்டர் எதுவானாலும் இரட்டிப்பு அலைவரிசையில் மறுபடி எழும். உனக்கு அது 4984 மெகாஹெர்ட்ஸ், 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபைக்குப் பக்கத்து வீடு. லூப்பின் நடுப்பகுதியை 105 ஓமாகவும் இரு முனைகளையும் 35 ஓமாகவும் மாற்று. 0.8 மில்லிமீட்டர் ஆர்ஓ4003சி-இல் ஏறக்குறைய 0.43, 3.2 மில்லிமீட்டர் அகலம் வரும். இம்பீடன்ஸ் விகிதம் மூன்றில் ஒரு பங்கு. அதன் வர்க்கமூலத்துக்கு ஆர்க் டான் எடுத்தால் 30 டிகிரி. 90-ஐ 30-ஆல் வகுத்தால் 3. அடுத்த எழுச்சி 7.5 ஜிகாஹெர்ட்ஸுக்குத் தள்ளிப் போய்விடும், ரெசோனேட்டரின் நீளமும் 180 டிகிரியிலிருந்து 120-க்குச் சுருங்கும்.

ஆனால் ஒன்று. 100 மெகாஹெர்ட்ஸ் அகலம் வைத்தால் வைஃபை சேனல் 11, அதாவது 2462, உன் பாஸ்பேண்டுக்குள்ளேயே இருக்கிறது. நாவிக்குக்கு வேண்டிய 16.5 மெகாஹெர்ட்ஸை மட்டும் பிடிக்கப் பார்த்தால், நல்ல போர்டிலும் மறுபடி 16 டெசிபெல் போகும். அந்த ஓரத்தை ஒரு சா ஃபில்டரிடமோ பா ஃபில்டரிடமோ (ஒலி அலையால் வேலை செய்யும் சிறு சில்லுகள்) விட்டுவிடு. ராடாரையும் மேலே உள்ள எல்லாவற்றையும் அடக்குவதே உன் போர்டின் வேலை. ப்ராஜெக்டில் இதை ஒளிக்காமல் எழுது.

சின்னமுட்டம் சர்வீஸ்:
நான் படகுகளில் எக்கோ சவுண்டரும் ஜிபிஎஸ்ஸும் மாட்டிக் கொடுக்கிறவன். கணக்கு தெரியாது. ஆனால் தங்கச்சி, செம்பை அப்படியே விட்டால் எங்கள் பக்கத்து உப்புக் காற்றில் ஒரே மாதத்தில் பச்சை பூத்துவிடும். பெட்டிக்குள் அடைத்தே ஆக வேண்டும்.

தூத்தூர்க்காரி:
ரொம்ப நன்றி அண்ணா, உங்களுக்கும்தான் சார். பழைய போர்டை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். 0.3 மில்லிமீட்டராக வரைந்த இடைவெளி 0.42 ஆகியிருக்கிறது, ஓரமெல்லாம் எலி கடித்த மாதிரி. புதிய போர்டை வெளியே கொடுத்துச் செய்கிறேன். 60-க்கு 50 மில்லிமீட்டர் அலுமினியப் பெட்டி ஒன்று கையில் இருக்கிறது. போதுமா சார்?

குழித்துறை பாசஞ்சர்:
அந்தப் பெட்டி வேண்டாம். 60-க்கு 50 பெட்டி 3.9 ஜிகாஹெர்ட்ஸில் தானே ரெசோனேட் ஆகும், நீ கஷ்டப்பட்டு அடக்கிய ஸ்டாப்பேண்டின் நட்டநடுவில். சதுரமாக அடுக்கிய நான்கும் ரெசோனேட்டர் சுருங்கியதால் 25 மில்லிமீட்டர் அகலத்துக்குள் அடங்குகிறதா என்று பார். 60-க்கு 25 என்றால் 6.5-க்குப் போய்விடும். உப்புக் காற்றுக்காக லாக்கர் பூசுவதானால் முதலில் பழைய போர்டில் பூசிப் பார், அலைவரிசை கீழே நகரும். எவ்வளவு நகர்கிறது என்று அளந்து, புதியதைத் தோராயமாக அந்த அளவு மேலே வைத்து வரை. 6 ஜிகாஹெர்ட்ஸ் தாண்டி அளக்க லைட் விஎன்ஏ ஒன்று என்னிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தான் இருப்பேன், போர்டு வந்ததும் அப்பாவோடு கொண்டு வா.