தொழிற்சாலையும் கல்லூரியும் சேர்ந்து சொல்லிக்கொடுத்த படிப்பு: உங்கள் அனுபவம் எப்படி?

பம்ப்செட் ஊர்க்காரன்:
கோவையில் சாண்ட்விச் டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தேன். மற்றவர்களுக்கு மூன்று வருடம், எங்களுக்கு மூன்றரை. நடுவில் ஒரு செமஸ்டரும் கடைசியில் ஒன்றும் தொழிற்சாலையில்தான். எனக்குக் கிடைத்தது பம்ப் உறை வார்க்கும் சின்ன பவுண்டரி.

மழைக்காலத்தில் ரிஜெக்‌ஷன் ஏறிக்கொண்டே போனது. லேத்தில் ஏற்றிச் சீவின பிறகுதான் ப்ளோ ஹோல் (வார்ப்புக்குள் காற்று நின்ற ஓட்டை) கண்ணுக்குத் தெரியும். அதுவரை போட்ட கூலி, கரண்ட் எல்லாம் வீண். மோல்டிங் மேஸ்திரி மணலை ஒரு பிடி அள்ளி இறுக்கி, கட்டியை இரண்டாக உடைத்துக் காட்டினார். "விளிம்பு உதிராம நின்னாச் சரிங்க தம்பி. கையில ஈரம் ஒட்டுச்சுன்னா தண்ணி ஜாஸ்தி." ஈரம் கூடிய மணலில் உருகிய இரும்பு பட்டதும் நீராவி கிளம்பும், வெளியேற வழியில்லாவிட்டால் இரும்புக்குள்ளேயே குமிழாக நின்றுவிடும்.

கல்லூரிக்குத் திரும்பியதும் சார் கழிவான உறை ஒன்றையும் ஒரு பை மணலையும் கொண்டுவரச் சொன்னார். லேபில் ஈரப்பதம் பார்த்தோம், பெர்மியபிலிட்டி மீட்டரில் மணல் வழியாகக் காற்று எப்படிப் போகிறது என்று பார்த்தோம். கிரீன் சாண்டுக்கு, அதாவது களிமண்ணும் தண்ணீரும் கலந்த அச்சு மணலுக்கு, மூன்று, நான்கு சதவீத ஈரம் போதும்; இதில் எக்கச்சக்கம். ரிப்போர்ட்டைப் பார்த்த முதலாளி மணல் குவியலுக்குத் தகரக் கொட்டகை போட்டார். "நான் சொன்னப்ப யாரும் கேக்கல" என்று மேஸ்திரிக்கு ஒரே வருத்தம். நியாயமான வருத்தம்தான். அப்புறம் அந்த பவுண்டரியே மணல் சாம்பிளைக் கல்லூரிக்கு அனுப்பத் தொடங்கியது.

எங்கள் ஊருக்கு இது புதிதும் அல்ல. பி.எஸ்.ஜி. டெக் என்ற பொறியியல் கல்லூரி 1951-இல் வந்தது. 1926 முதலே நடந்துவந்த தொழிற்கூடம் அதே வளாகத்தில் இருந்தது. அங்கே பி.இ. சாண்ட்விச் ஐந்து வருடம்.

கடைசி பெஞ்ச்:
கொடுத்துவைத்தவர் நீங்கள். எங்கள் கல்லூரி வரவேற்பறைச் சுவர் முழுக்க ஒப்பந்தக் கையெழுத்துப் போட்டோக்கள். இன்பிளான்ட் ட்ரெயினிங் என்று போனால், கான்ஃபரன்ஸ் ஹாலில் உட்காரவைத்துக் கம்பெனி வரலாற்றை ஸ்லைடு போட்டார்கள். மெஷின் பக்கம் மஞ்சள் கோட்டைத் தாண்டவிடவில்லை. சர்டிஃபிகேட் மட்டும் நல்ல கெட்டிக் காகிதம்.

சிட்கோ ஷெட்:
சின்ன யூனிட் நடத்துகிறேன், எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு பையன் வந்தால், அவன் கையை மெஷினில் விடாமல் பார்த்துக்கொள்வதற்கே என் சூப்பர்வைசர் நேரம் போய்விடும். அவன் ஒரு ஜாபை செட் பண்ணத் தெரிந்துகொள்வதற்குள் கிளம்பிவிடுவான். ஆறு மாதம் என்றால் கதையே வேறு. பாதிக்கு மேல் அவன் எனக்கு வேலை செய்வான், நானும் மனசார உதவித்தொகை கொடுப்பேன். 1961 அப்ரண்டிஸ் சட்டத்தில் 1973 திருத்தத்துக்குப் பிறகு டிகிரி, டிப்ளமோ முடித்தவர்களையும் எடுக்கலாம்; குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை மத்திய அரசே தருகிறது. இதைச் சொல்லி என்னிடம் வந்த கல்லூரி ஒன்றுகூட இல்லை. கெஸ்ட் லெக்சருக்கு மட்டும் சால்வையோடு கூப்பிடுவார்கள்.

ஸ்டுட்கார்ட் தமிழன்:
இங்கே ஜெர்மனியில் 1974-இல் பாஷ், டைம்லர் பென்ஸ் மாதிரி நிறுவனங்கள் சேர்ந்து ஒரு முறையைத் தொடங்கின. மூன்று மாதம் வகுப்பு, மூன்று மாதம் கம்பெனி என்று மாறி மாறிப் போகும். மாணவனை முதலில் தேர்ந்தெடுப்பது கம்பெனிதான்; வகுப்பில் இருக்கும் மாதங்களுக்கும் சம்பளம் உண்டு. எங்கள் டிபார்ட்மென்டுக்கு வரும் பிள்ளைகள் டிராயிங்கைப் பார்த்ததும் டாலரன்ஸ் (அளவு எவ்வளவு கூடக்குறைய இருக்கலாம் என்ற வரம்பு) ஏன் இவ்வளவு இறுக்கம் என்று கேட்பார்கள். லீவே இல்லாத படிப்பு என்று புலம்பவும் செய்வார்கள்.

பம்ப்செட் ஊர்க்காரன்:
கடைசி பெஞ்ச் தம்பி, போட்டோவில் இருக்கும் கம்பெனிகளை விடுங்கள். உங்கள் சார் யாராவது பக்கத்துத் தொழிற்பேட்டையில் டெஸ்டிங், கன்சல்டன்சி செய்கிறாரா என்று விசாரியுங்கள். அவர் கூடவே போனால் கேட்டில் யாரும் தடுக்க மாட்டார்கள்.