ஏப்ரலில் ஸ்ப்ரூஸ் காட்டின் மேல் மாடல் ஏன் இவ்வளவு குளிர்கிறது?

காவிரிக்கரை:
வணக்கம். கனடாவில் சஸ்காட்செவானின் பிரின்ஸ் ஆல்பர்ட்டுக்கு வடகிழக்கே இருக்கும் கறுப்பு ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரக் காட்டுக்கு ஒரு நில மாடலை வளிமண்டல மாடலோடு இணைத்து ஓட்டுகிறேன். ஜனவரி, பிப்ரவரி பரவாயில்லை. ஏப்ரல் வந்ததும் பிற்பகல் வெப்பநிலை காட்டில் நிற்கும் கோபுரத்தின் அளவீட்டைவிட 4 டிகிரி வரை இறங்கிவிடுகிறது. மாடலின் ஆல்பிடோ (வெயிலில் திருப்பி அனுப்பப்படும் பங்கு) 0.6, கோபுரத்தில் 0.15தான். பனி பழசாகும் வேகத்தைக் கூட்டினேன், 0.6 என்பது 0.55 ஆனது, அவ்வளவே. இரண்டு வாரமாக இங்கேயே நிற்கிறேன். வேறு எங்கே பார்ப்பது?

மேகலா_வானிலை:
மழையா பனியா என்று பிரிக்கும் வெப்பநிலை வரம்பைப் பார்த்தீர்களா? ஏப்ரலில் மழையாக விழ வேண்டியது மாடலில் புதுப்பனியாக விழுந்தால் ஆல்பிடோ இறங்கவே இறங்காது.

பனிக்குழாய்:
மேகலா சொன்னதையும் பாருங்கள். ஆனால் 0.15க்கும் 0.6க்கும் இருக்கிற இடைவெளியை அது மூடாது. தம்பி, பனியை விட்டுவிட்டு மரத்தைப் பாருங்கள்.

நான் அந்தக் காடுகளில் இரண்டு குளிர்காலம் பனி அளக்கும் அலுமினியக் குழாயோடு நடந்தவள். குழாயை நேராக இறக்கித் திருகினால் பனியோடு அடியில் ஒரு துண்டு பாசியும் சேர்ந்து வரும். பாசி வந்தால்தான் தரையைத் தொட்டோம் என்று கணக்கு. அதைச் சுரண்டி எறிந்துவிட்டுக் குழாயை வில் தராசில் தொங்கவிட்டு நிறுப்போம். மரங்களுக்கு இடையே முழங்காலுக்கு மேல் பனி இருக்கும். ஸ்ப்ரூஸின் அடியிலோ கிண்ணம் போல ஒரு குழி, அதில் ஒரு சாண்கூடத் தேறாது. கிளையில் தங்கிய பனியில் ஒரு பகுதி பிறகு உதிரும், மற்றது அங்கேயே பதங்கமாகி, அதாவது உருகாமலே ஆவியாகிக் காற்றோடு போய்விடும். அடர்ந்த ஊசியிலைக் காட்டில் ஆண்டுப் பனிப்பொழிவின் மூன்றில் ஒரு பங்குகூட இப்படிப் போகும்.

கிளையில் பனி இல்லாத நாளில் சூரியன் எதைப் பார்க்கிறது? கரும்பச்சை ஊசிகளைத்தான். அந்த அட்சரேகையில் வெயில் சாய்ந்து வருவதால் தரையின் வெள்ளை இன்னும் மறைந்துபோகிறது. 1994இல் அங்கே நடந்த போரியாஸ் கள ஆய்வின் அளவீடுகள் இதைத் தெளிவாகவே காட்டின: தரையில் பனி இருக்கும்போதும் ஸ்ப்ரூஸ், ஜாக் பைன் காடுகளின் ஆல்பிடோ 0.11 முதல் 0.15 வரைதான், இலையுதிர்ந்த ஆஸ்பென் காட்டில் 0.21 அளவில், புல்வெளியில் 0.75. அதற்கு முன்பு ஐரோப்பிய நடுத்தரக் கால முன்கணிப்பு மையத்தின் மாடலே பனி மூடிய காட்டுக்கு 0.8 வரை விட்டிருந்தது. 1996 டிசம்பரில் அதை 0.2 ஆக்கியதும் வடக்குக் காடுகளின் மேல் வசந்தகாலக் குளிர்ப்பிழை பெருமளவு குறைந்தது. நீங்கள் இப்போது பார்ப்பது அதே பிழை.

ஏப்ரலில் மட்டும் ஏன் இது பெரிதாகிறது என்றால், அப்போது வெயில் வலுத்துவிடுகிறது, மண்ணோ இன்னும் உறைந்தே கிடக்கிறது. வேருக்கு நீர் கிடைக்காது, மரம் நீராவியை விடாது. ஊசிகள் உறிஞ்சிய வெப்பம் ஏறக்குறைய முழுதும் நேரே காற்றைச் சூடாக்கப் போகும். ஆல்பிடோ தப்பினால் அந்தச் சூடு முழுக்க மாடலில் காணாமல் போய்விடும்.

உங்கள் காடு விழும் கட்டத்துக்கு (நிலத்தை மாடல் பிரிக்கும் சதுரத்துக்கு) மாடல் எந்தத் தாவர வகையை, என்ன உயரத்தை எடுக்கிறது? பனியின் ஆழம் அந்த உயரத்தைத் தாண்டினால் தாவரம் புதைந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளும் மாடல்கள் உண்டு.

காவிரிக்கரை:
அக்கா, அதுதான்! நான் ஏற்றிய நிலப்பரப்புக் கோப்பில் அந்தக் கட்டம் புதர் என்று இருக்கிறது, உயரம் அரை மீட்டர். 60 செ.மீ. பனியில் காடே புதைந்து கிடந்திருக்கிறது. பசுமைமாறா ஊசியிலைக் காடு என்று மாற்றினேன், ஆல்பிடோ 0.17, குளிர்ப்பிழை 1 டிகிரிக்குள் வந்துவிட்டது. இப்போது தரைப்பனி அளவீட்டைவிட 6 நாள் முன்னதாகவே தீர்ந்துவிடுகிறது. இதற்கு என்ன செய்யலாம்?

பனிக்குழாய்:
கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. அடுத்ததற்கு, உருகும் தேதியை முதலில் பார்க்காதீர்கள். உருகத் தொடங்குமுன் மார்ச்சில் பனியின் நீர்ச்சமானம் (உருக்கினால் கிடைக்கும் நீர்) எவ்வளவு என்று குழாய் அளவீட்டோடு ஒப்பிடுங்கள். அங்கேயே குறைவு என்றால் கிளைப்பனியை மாடல் சீக்கிரம் உதிர்க்காமல் பதங்கமாக விடுகிறது. அங்கே சரியாக இருந்தால் உருக்கத்தில்தான் கோளாறு: சூடான காற்று மேலே, 0 டிகிரிப் பனி கீழே என்னும் நிலைத்த அடுக்கில் கலப்பு அடங்கிவிட வேண்டும், அது அடங்காமல் மாடல் வெப்பத்தைப் பனிக்குள் இறக்கிக்கொண்டே இருக்கலாம்.

பனி மூடிய பரப்பின் விகிதத்தையும் பாருங்கள். பனி ஆழத்திலிருந்து அதைக் கணக்கிடப் பரவலாகப் பயன்படும் டான்எச் (tanh) வாய்ப்பாட்டில் பனியின் அடர்த்தியும் வருகிறது. தரையின் சொரசொரப்பு 1 செ.மீ., பெருக்கு எண் 2.5, அடர்த்தியின் அடுக்கு 1 என்று வைத்தால், கன மீட்டருக்கு 100 கிலோ அடர்த்தியுள்ள 5 செ.மீ. புதுப்பனி தரையில் 96 சதவீதத்தை மூடும். 300 கிலோவாக இறுகிய அதே 5 செ.மீ. 58 சதவீதத்தை மட்டும் மூடும். மீதித் தரை சூடாகி ஓரத்துப் பனியைத் தின்னும். அந்த அடுக்கு எண் உங்கள் மாடலில் 1ஐவிட அதிகமாக இருந்தால் கடைசி வாரத்தில் திட்டுகள் இன்னும் சீக்கிரம் விரியும்.

மார்ச் எண்ணை எடுத்ததும் இங்கேயே போடுங்கள், பார்க்கிறேன்.