வேர்டுல புக்லெட் போட்டா பின்பக்கம் தலைகீழா வருது, ஹெல்ப் ப்ளீஸ்

கோலப்பொடி:
மார்கழிக்கு எங்க தெரு பஜனை கோஷ்டிக்கு திருப்பாவை புக் 40 காப்பி போடணும். பக்கத்துக்கு ஒரு பாட்டுன்னு 30, ரெண்டு அட்டையும் சேத்தா 32 பக்கம். ஏ4 தாள நடுவுல மடிச்சு பின் அடிக்கிற மாதிரி. வேர்டுல கஸ்டம் மார்ஜின்ஸ் போய் புக் ஃபோல்டு வச்சுட்டேன், ஆனா பின்பக்கம் தலைகீழா வருது, அதுபோக மார்கழித் திங்களும் வங்கக்கடலும் ஒரே தாள்ல பக்கத்துல பக்கத்துல நிக்குது, முதல் பாட்டும் கடைசி பாட்டும்! 20 தாள் வேஸ்ட். மாமியார் வேற கையாலயே எழுதியிருக்கலாமேங்கறாங்க.

டிடிபி மணி:
மேடம் பாட்டு அப்படி நிக்கறது தப்பே இல்ல, அப்படித்தான் வரணும். முன் அட்டை 1, மார்கழித் திங்கள் 2, வங்கக்கடல் 31. வெளித்தாளோட ஒரு பக்கம் 32, 1, அதோட முதுகுல 2, 31. எந்தப் பக்கம் பாத்தாலும் ரெண்டு நம்பரையும் கூட்டினா 33 வரணும், வந்தா சரி. தலைகீழா வர்றதுக்கு காரணம் பிரிண்ட்ல தாள நீள ஓரமா திருப்பற லாங் எட்ஜ் இருக்கும், குட்டை ஓரமா திருப்பற ஷார்ட் எட்ஜ் மாத்துங்க, அவ்ளோதான். மொதல்ல ஒரு காப்பி, 8 தாள் மட்டும் போட்டு மடிச்சுப் பாருங்க.

ராத்திரி ஷிஃப்ட்:
கடைல குடுக்கறதா இருந்தா வேர்டு ஃபைல குடுக்காதீங்க அக்கா. நான் ஒரு தடவ குடுத்து, அவங்க சிஸ்டத்துல என் தமிழ் ஃபான்ட் இல்லாம வேற ஃபான்ட்ல தொறந்து, எட்டு வரி பாட்டு ஒம்பது வரியாகி, அந்த ஒரு வரி அடுத்த பக்கத்துக்கு ஓடி, அதுக்கப்புறம் எல்லாமே ஒரு பக்கம் தள்ளிப் போச்சு. புக் ஃபோல்ட எடுத்துட்டு சாதாரண ஏ5 பக்கமா பிடிஎஃப் பண்ணுங்க, அக்ரோபாட் ரீடர் பிரிண்ட்லயே புக்லெட்னு இருக்கு, அது மடிப்புக்கு ஏத்த மாதிரி அடுக்கிக்கும். ஒவ்வொரு பாட்டு முடிவுலயும், அடுத்தது புதுப் பக்கத்துல தொடங்க, கன்ட்ரோல் என்டர் போட்டீங்களா? சும்மா என்டரா தட்டியிருந்தா இப்பவே மாத்திடுங்க.

கோலப்பொடி:
ஷார்ட் எட்ஜ் தான்!! நேரா வந்துடுச்சு மணி சார், ரொம்ப தேங்க்ஸ். தம்பி, என்டரா தான் தட்டியிருந்தேன் 😀 மாத்திட்டேன். இப்போ மடிப்பு வரைக்கும் ஸ்டேப்ளர் எட்டமாட்டேங்குது, அதுக்கு என்ன பண்றது?

டிடிபி மணி:
எட்டாது, ஓரத்துலேர்ந்து கிட்டத்தட்ட 15 சென்டிமீட்டர் உள்ள போகணுமே. கடைல நீட்டு கை வச்ச ஸ்டேப்ளர் இருக்கும். வீட்லயே பண்றதுன்னா புக்க விரிச்சு அட்டைப்பக்கம் மேல வர்ற மாதிரி தெர்மாகோல் மேல வச்சு, ஸ்டேப்ளர் வாய முழுசா தொறந்து அமுக்குங்க, அப்புறம் மெதுவா தூக்கி, உள்பக்கம் நீட்டிட்டிருக்கற கம்பிய ஸ்பூன் காம்பால மடக்கிடுங்க. நடுப்பக்கத்துல, 15ஆம் பாட்டு எல்லே இளங்கிளியேக்கும் 16ஆம் பாட்டு நாயகனாய் நின்றக்கும் நடுவுல கம்பி தெரிஞ்சா கரெக்டா அடிச்சிருக்கீங்கன்னு அர்த்தம்.