குபோவும் நட்ட கற்களும்: ஸ்பானிய மதில் சொற்களோடு பட்ட பாடு

ஸ்பானிய அகழாய்வு அறிக்கைகளை ஆங்கிலப்படுத்துகிறவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொல்லலாம் என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது ஸ்பெயினின் லூகோ நகரில் உள்ள ரோமானிய மதில். இயந்திரம் மொழிபெயர்த்த வரைவு ஒன்றைத் திருத்தித் தரும்படி ஒரு நிறுவனம் அனுப்பியிருந்தது. அதில் மதில் நெடுகக் கனசதுரங்கள் வரிசையாக நின்றன. மூலத்தில் இருந்த சொல் ‘குபோ’. கணக்குப் புத்தகத்தில் அது கனசதுரம், வீட்டில் வாளி, மதிலில் வட்டக் கோபுரம். லூகோவில் இன்று எஞ்சியிருக்கும் 71 கோபுரங்களில் பெரும்பாலானவை அரைவட்ட வடிவம். வட்டத்தைச் சதுரமாக்க மேதைகள் நூற்றாண்டுக் கணக்கில் முயன்று தோற்றார்கள். இயந்திரம் ஒரு நொடியில் முடித்துவிட்டது.

அதே வரைவில் இரண்டு கோபுரங்களுக்கு நடுவே ஓவியத்துணி வேறு தொங்கியது. ‘லியென்சோ’ என்றால் துணி; மதிலில் இரு கோபுரங்களுக்கு இடைப்பட்ட சுவர். ஆங்கிலமும் அந்தச் சுவருக்குத் திரைச்சீலையின் பெயரைத்தான் வைத்திருக்கிறது என்பதால் இதில் பெரிய வழக்கு ஒன்றும் இல்லை.

இவையெல்லாம் நல்ல அகராதி இருந்தால் தீர்ந்துவிடும். அகராதியால் தீராதது ‘பியெத்ராஸ் இங்காதாஸ்’. ஸ்பெயினின் சோரியா, ஆவிலா பகுதிகளில் இரும்புக்கால மக்கள் வாழ்ந்த குன்றுக் கோட்டைகள் பல உள்ளன. எதிரி எளிதாக ஏறி வரக்கூடிய பக்கத்தில், மதிலுக்கு முன்னால், கூரிய கற்களை நெருக்கமாகச் செங்குத்தாக நட்டு வைத்திருக்கிறார்கள். ஓடி வருகிறவனின் காலும் குதிரையின் காலும் அங்கே இடறும். ஸ்பானியப் பெயர் கண்ணில் படுவதை மட்டும் சொல்கிறது: நட்ட கற்கள். ஆங்கிலத் தொல்லியலில் இதற்கு வழங்கும் கலைச்சொல்லோ பிரெஞ்சுக்காரர்களிடம் கடன் வாங்கிய ‘ஷெவோ த ஃப்ரீஸ்’. பொருள், ஃப்ரீஸியக் குதிரைகள். மரத்தண்டில் கூர்முனைகளைச் செருகிக் குதிரைப்படையைத் தடுக்க மிகவும் பிற்காலத்தில் செய்த தடுப்பின் பெயர் அது. அயர்லாந்தின் டூன் எங்கஸ் கோட்டைக்கு முன்னால் நிற்கும் கற்களையும் இப்படித்தான் அழைக்கிறார்கள்.

சோரியாவின் கற்கள் குதிரை வீரர்களைத் தடுக்கவா, காலாட்களைத் தடுக்கவா என்று ஆய்வாளர்களிடையே விவாதம் உண்டு. அறிக்கை எழுதியவர் அதில் வாய் திறக்காமல் இருக்கும்போது நான் குதிரைகளை உள்ளே விட்டால், அவர் சார்பில் நானே தீர்ப்பு எழுதியதாக ஆகாதா? அதனால் முதல் இடத்தில் ‘நட்ட கற்களின் பட்டை’ என்று ஆங்கிலத்தில் எளிமையாக எழுதிவிட்டு, தேடுகிறவர்களுக்காகக் கலைச்சொல்லை ஒருமுறை சேர்க்கிறேன். பிறகு ‘கற்கள்’ மட்டும்தான். ஒரு பதிப்பாசிரியர் இதற்கு முகம் சுளித்தார். சுளிக்கட்டும்.

*

நானும் இதே வேலை செய்கிற இன்னொருவர்; மேலே எழுதியவர் சொன்னதற்கு நேர் எதிரான அனுபவம் எனக்கு. ஆவிலா அருகே லாஸ் கோகோத்தாஸ் என்ற குன்றுக் கோட்டையில் இரண்டு மதில் வளாகங்கள் உண்டு. 1920களின் பிற்பகுதியில் அங்கே தோண்டிய ஹுவான் காப்ரே இரண்டாவது வளாகத்தைக் கால்நடை அடைக்கும் இடம் என்று கருதினார். ‘என்செராதேரோ’, அதாவது கால்நடைப் பட்டி, என்ற பெயர் நூல்களில் நிலைத்துவிட்டது. 1980களில் நடந்த அகழாய்வில் அதே வளாகத்துக்குள் மட்பாண்டத் தொழிற்கூடம் வெளிப்பட்டது. இங்கே தீர்ப்பு எழுதியது ஸ்பானியச் சொல்தான். ஆங்கிலத்தில் பொதுவாக ‘மதில் வளாகம்’ என்று போட்டால் எல்லாருக்கும் இடம் கிடைத்துவிடும். ஆனால் காப்ரேயின் கருத்தை விளக்கும் பத்தியில் பட்டியை எடுத்துவிட்டால் அவர் சொன்னதே காணாமல் போய்விடும். அங்கே மட்டும் பட்டி என்றே விட்டேன்.

தெற்கு ஸ்பெயினில் அல்மேரியாவின் லாஸ் மியாரெஸ் இன்னொரு தலைவலி. அந்தச் செப்புக்கால ஊரைச் சுற்றியுள்ள குன்றுகளின் மேல் இருக்கும் சிறு காவற்கோட்டைகளை ‘ஃபோர்தின்’ என்கிறார்கள். ஆங்கிலத்தில் கைக்கு எட்டும் சொல் ‘ஃபோர்ட்லெட்’. பிரிட்டனில் தொல்லியல் படித்தவர் அதைக் கண்டதும் ரோமானியப் படைவீரர்களை நினைத்துக்கொள்வார். லாஸ் மியாரெஸ் கைவிடப்பட்டு இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகுதான் ரோமானியர்கள் அந்தப் பக்கம் வந்தார்கள்! நான் ‘வெளிக்காவல் கோட்டை’ என்ற பொருள் வரும்படி இரண்டு சொற்களில் எழுதினேன். வரைபடத்தில் எழுத இடம் போதவில்லை என்று வடிவமைப்பாளர் சலித்துக்கொண்டார்.

*

மூன்றாவதாக எழுதும் என் பங்குக்குச் சுருக்கமாக ஒன்று. ரோமானியர் முற்றுகையிட்ட நுமான்சியா என்ற பழைய ஊரைப் பற்றிய கட்டுரையில் ‘செர்கோ’ என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வந்தது. முற்றுகைக்கும் அதுதான் பெயர், சுற்றி வளைக்கும் வேலிக்கும் அதுதான் பெயர். கி.மு. 134இல் ரோமானியத் தளபதி சிப்பியோ அந்த ஊரைச் சுற்றி ஏறத்தாழ 9 கிலோமீட்டர் நீளத்துக்கு அரண் எழுப்பி, உள்ளே இருந்தவர்களைப் பட்டினி போட்டு, மறு ஆண்டு பணிய வைத்தான். ஆகவே ஸ்பானியருக்கு நிகழ்ச்சியும் கட்டுமானமும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. ‘செர்கோ தெற்கே ஆற்றைக் கடக்கிறது’ என்றால் சுவர். ‘செர்கோ குளிர்காலத்திலும் நீடித்தது’ என்றால் முற்றுகை. சுற்றியுள்ள வினைச்சொல்லைப் பார்த்துப் பிரித்துக்கொண்டே போனேன். ‘செர்கோவின் எச்சங்கள்’ என்ற இடத்தில் மட்டும் வினைச்சொல் உதவவில்லை. பக்கத்தில் இருந்த நிலப்படத்தில் பள்ளமும் முகாம்களும் குறிக்கப்பட்டிருந்ததால் முற்றுகை அரண்கள் என்று எழுதி, ஓரத்தில் ஆசிரியருக்கு ஒரு கேள்வியும் வைத்து அனுப்பினேன்.