பிக்சல் ஓடணும்னா சிஎஸ்பி ஹெடரையே எடுக்கச் சொல்றாங்க, என்ன பண்றது?

கொங்குதறி:
வணக்கம்ங்க. ஈரோட்டுல மாமா பெட்ஷீட், துண்டு கடை வெச்சிருக்காரு, அதோட ஆன்லைன் சைட் நான்தான் பிஹெச்பில எழுதிக் குடுத்தேன். முன்னாடி ஒருதடவ யாரோ உள்ள பூந்து ஒரு ஸ்க்ரிப்ட்ட சொருகிட்டாங்க, மொபைல்ல வர்றவங்கள மட்டும் சூதாட்ட சைட்டுக்கு தள்ளிவிட்டுட்டு இருந்துச்சு, நாங்க கம்ப்யூட்டர்லயே பாத்துட்டு இருந்ததால மூணு வாரம் தெரியவே இல்ல. அதுக்கப்பறம்தான் கன்டென்ட் செக்யூரிட்டி பாலிசி (சிஎஸ்பி, எங்கிருந்து வர்றதெல்லாம் பக்கத்துல ஓடலாம்னு ப்ரௌசருக்கு சர்வர் சொல்ற ஹெடர்) போட்டு, அதுல ஸ்க்ரிப்ட்டுக்கான பட்டியலான ஸ்க்ரிப்ட்-சோர்ஸ்ல எங்க டொமைன் மட்டும்னு பூட்டி வெச்சேன்.

இப்ப தீபாவளி விளம்பரத்துக்கு மாமா ஒரு ஏஜென்சிய புடிச்சிருக்காரு. கூகுள் டேக் மேனேஜர் (இந்த மாதிரி கோடெல்லாம் ஒரே எடத்துல இருந்து சைட்டுக்குள்ள ஏத்தற டூல்), அதுக்குள்ள அனலிட்டிக்ஸ், ஃபேஸ்புக் பிக்சல் (சைட்டுக்கு வந்தவங்க என்ன பண்ணாங்கன்னு ஃபேஸ்புக்குக்கு சொல்ற கோடு), அப்பறம் கஸ்டமர் எங்கெங்க க்ளிக் பண்றாங்கன்னு வீடியோ மாதிரி ரெக்கார்ட் பண்ற ஒரு டூல், எல்லாம் வேணுங்கறாங்க. போட்டேன், ப்ரௌசர் கன்சோல் பூரா செவப்பு, இன்லைன் ஸ்க்ரிப்ட் (பக்கத்துக்குள்ளயே எழுதின கோடு) தடுக்கப்பட்டதுன்னு வருது. ஏஜென்சி பையன் "ஹெடர தூக்கிருங்க ப்ரோ, எங்க க்ளையன்ட் யாருமே போடறதில்ல"ங்கறான். மாமா என்னைய மொறைக்கறாரு. ரெண்டும் இருக்க வழி இருக்குங்களா?

சும்மாஒருத்தன்:
இன்லைன் எல்லாத்தையும் விடற அன்சேஃப்-இன்லைன் சேத்துட்டு, எல்லா சோர்ஸ்லயும் நட்சத்திரம் (எந்த டொமைனும் சரி) போடுங்க. ரெண்டு நிமிஷ வேலை. எனக்கு ஓடுது.

பழையசர்வர்:
மேல சொன்னத செஞ்சுறாதீங்க. அப்படி போடறதுக்கு ஹெடரே இல்லாம இருக்கலாம், கதவ தொறந்து போட்டுட்டு கொண்டியில பூட்ட மட்டும் தொங்கவிட்ட மாதிரி. உங்க சைட்ல முன்னாடி சொருகினாங்களே ஸ்க்ரிப்ட், அது அன்சேஃப்-இன்லைன் இருந்தா திரும்பவும் அப்படியே ஓடும்.

டேக் மேனேஜர் குடுக்கற அந்த சின்ன கோடு பக்கத்துக்குள்ளயே இருக்கறதாலதான் சண்டை. மூணு வழி இருக்கு: நான்ஸ், ஹேஷ் (அந்த கோடுல இருந்து கணக்கு போட்டு எடுக்கற கைரேகை மாதிரி), இல்லாட்டி அந்த கோட தனி ஜேஎஸ் ஃபைலா உங்க சர்வர்லயே வெக்கறது. உங்களுக்கு நான்ஸ் தான் சரியா இருக்கும்னு தோணுது, ஒவ்வொரு தடவ பக்கம் லோடாகும்போதும் புது ரேண்டம் நம்பர் ஹெடர்லயும் ஸ்க்ரிப்ட் டேக்லயும் வரணும். கூடவே ஸ்ட்ரிக்ட்-டைனமிக் போட்டா டேக் மேனேஜர் இழுத்துட்டு வர்ற மத்த ஸ்க்ரிப்ட்டும் தானா ஓடும்.

கொங்குதறி:
ரொம்ப நன்றிங்க அண்ணா, செஞ்சேன். பிக்சல் ஓடுது! ஆனா "கூடையில் சேர்" பட்டன் செத்துருச்சு, என் சொந்த ஜேஎஸ் ஃபைல் எதுவுமே லோடாகல. எங்க சொந்த டொமைன்னு அர்த்தம் வர்ற செல்ஃப்னு போட்டுத்தான் இருக்கேன்.

பழையசர்வர்:
அட, அத சொல்ல மறந்துட்டேன், மன்னிச்சுக்கங்க. ஸ்ட்ரிக்ட்-டைனமிக் இருந்தா ப்ரௌசர் செல்ஃப், ஹோஸ்ட் பேரு எதையும் கண்டுக்காது. உங்க ஸ்க்ரிப்ட் டேக் ஒவ்வொண்ணுக்கும் நான்ஸ் வேணும்.

கறுப்புத்திரை:
தம்பி, நான்ஸ் போட்டேன்னு சொல்றீங்களே, பக்கத்த ரெண்டு தடவ ரீலோட் பண்ணி சோர்ஸ்ல அந்த நம்பர் மாறுதான்னு பாருங்க. உங்க வெப் சர்வர் என்ஜின்எக்ஸ்ல பேஜ் கேஷ் (ஒருதடவ போட்ட பக்கத்தையே எடுத்து வெச்சு எல்லாருக்கும் குடுக்கறது) வெச்சிருக்கீங்களா?

கொங்குதறி:
அய்யோ. மாறவே இல்லைங்க்கா. கேஷ் பத்து நிமிஷம் வெச்சிருக்கேன், ஹெடரும் பக்கமும் சேந்து கேஷ் ஆகுது போல.

கறுப்புத்திரை:
அதான். பத்து நிமிஷத்துக்கு ஊருக்கே ஒரே நம்பர். ஓடறமாதிரி தெரியும், ஆனா பாதுகாப்பு ஒண்ணும் இல்ல, யார் வேணா பக்கத்த தொறந்து நம்பர பாத்துக்கலாம். ஹேஷும் உங்களுக்கு தொல்லைதான், அந்த கோடுல ஒரு ஸ்பேஸ் மாறினாலும் ஹேஷ் மாறிரும், கோட சுருக்கி மினிஃபை பண்ற டூல் எதாவது இருந்தா தினம் தலைவலி.

மூணாவது வழிக்கே போங்க. டேக் மேனேஜர் கோட அப்படியே ஒரு ஜேஎஸ் ஃபைல்ல போட்டு உங்க டொமைன்லயே வைங்க. நான்ஸ், ஸ்ட்ரிக்ட்-டைனமிக் ரெண்டையும் தூக்கிருங்க. ஸ்க்ரிப்ட்-சோர்ஸ்ல செல்ஃப், கூகுள்டேக்மேனேஜர் டாட் காம், கனெக்ட் டாட் ஃபேஸ்புக் டாட் நெட், இவ்வளவுதான். பிக்சல் தகவல் அனுப்பறது ஃபேஸ்புக் டாட் காமுக்கு, அத இமேஜ்-சோர்ஸ் (படம் எங்கிருந்து வரலாம்), கனெக்ட்-சோர்ஸ் (ஸ்க்ரிப்ட் எங்க தகவல் அனுப்பலாம்) ரெண்டுலயும் போடணும். அனலிட்டிக்ஸுக்கு கனெக்ட்-சோர்ஸ்ல வெறும் டபிள்யூ டபிள்யூ டபிள்யூ முகவரி மட்டும் போட்டா பத்தாது, ரீஜன்1னு ஆரம்பிக்கற சப்டொமைனுக்கெல்லாம் போகும், நட்சத்திரம் அந்த எடத்துல மட்டும் தேவை.

பிக்சல கஸ்டம் ஹெச்டிஎம்எல் டேக்கா (நாமளே கோட ஒட்டற டேக்) போடாதீங்க, டேக் மேனேஜரோட டெம்ப்ளேட் கேலரியில இருக்கறத எடுங்க, அதுல இன்லைன் கோடு கிடையாது.

கொங்குதறி:
ஏஜென்சி கஸ்டம் ஹெச்டிஎம்எல்லாதான் போட்டு வெச்சிருக்காங்க. அது இனிமே ஓடாதா?

கறுப்புத்திரை:
ஓடாது. அது நமக்கு நல்லது. யோசிச்சுப் பாருங்க, அது ஓடினா டேக் மேனேஜர்ல பப்ளிஷ் உரிமை யாருக்கு இருக்கோ அவங்க உங்கள கேக்காமலே உங்க சைட்ல எந்த ஜாவாஸ்க்ரிப்ட்டையும் ஓட்டலாம். நீங்க சர்வருக்கு எத்தன பூட்டு போட்டாலும், ஏஜென்சி பையனோட ஜிமெயில் பாஸ்வேர்ட் போச்சுன்னா முடிஞ்சுது. உங்க சைட் டேக்கெல்லாம் இருக்கற கன்டெய்னர மாமா பேர்ல ஓப்பன் பண்ணுங்க, ஏஜென்சிக்கு எடிட் மட்டும் குடுங்க, பப்ளிஷ் உங்க கையில. இன்னொண்ணு, டேக் மேனேஜர் கோடுக்கு முன்னாடி டேட்டாலேயர்ல (டேக் மேனேஜர் படிக்கற தகவல் பட்டியல்) ஜிடிஎம் டாட் பிளாக்லிஸ்ட்னு (gtm.blocklist) ஒண்ணு வெச்சு அதுல கஸ்டம்ஸ்க்ரிப்ட்ஸ்னு குடுத்தா, கஸ்டம் ஹெச்டிஎம்எல் டேக் எதுவும் ஓடாது, உள்ள இருக்கறவங்களால அத மாத்தவும் முடியாது.

நட்சத்திரக்காரருக்கும் ஒரு வார்த்தை. 2018ல டிக்கெட்மாஸ்டர் இங்கிலாந்து சைட்ல நடந்தது இதேதான், பேமென்ட் பக்கத்துல வெளிக் கம்பெனியோட சாட்பாட் ஸ்க்ரிப்ட் இருந்துச்சு, அந்த ஸ்க்ரிப்ட்ட மாத்தி கார்டு நம்பர திருடினாங்க. 2020ல பன்னண்டரை லட்சம் பவுண்ட் அபராதம் விழுந்தது டிக்கெட்மாஸ்டருக்கு.

சும்மாஒருத்தன்:
சரிக்கா, நான் என் சைட்டையும் போய் பாக்கறேன் 😅

பழையசர்வர்:
அக்கா சொன்னது சரி, நான் கேஷ யோசிக்கல. ஆனா லிஸ்ட் போட்டாச்சுன்னு முழுசா நம்பிராதீங்க. அனலிட்டிக்ஸ அனுமதிச்சா எல்லாரோட அனலிட்டிக்ஸ் அக்கவுண்டையும் அனுமதிச்ச மாதிரிதான், ஹெடருக்கு டொமைன் தெரியும், அது யார் அக்கவுண்ட்னு தெரியாது. 2020ல திருடன்க அவங்க சொந்த அனலிட்டிக்ஸ் ஐடிக்கே கார்டு விவரத்த அனுப்பி வெச்சது வெளிய வந்துச்சு. அதனால செக்-அவுட் பக்கத்துல டேக் மேனேஜரே வேணாம். ஆர்டர் முடிஞ்சு வர்ற நன்றி பக்கத்துல போட்டா ஏஜென்சிக்கு பர்ச்சேஸ் கணக்கு கெடைச்சிரும்.

கொங்குதறி:
பேமென்ட் கேட்வே பக்கத்துக்கு தனியா போயிரும்ங்க, கார்டு நம்பர் நம்மகிட்ட வராது. பேரு, அட்ரஸ், ஃபோன் நம்பர் மட்டும்தான்.

கறுப்புத்திரை:
"மட்டும்தான்"ங்கறது தப்பு தம்பி. ஃபோன் நம்பரும் அட்ரஸும் போனா "பார்சல் மாட்டிருக்கு பணம் கட்டுங்க"ன்னு உங்க கஸ்டமருக்கு கால் வரும், அவங்க திட்டறது மாமாவத்தான். அந்த ரெக்கார்டிங் டூல் ஃபார்ம்ல டைப் பண்றத மறைக்குதான்னு நீங்களே ஒரு ஆர்டர் போட்டு ரெக்கார்டிங்ல பாருங்க. பிக்சல் செட்டிங்ல ஆட்டோமேட்டிக் அட்வான்ஸ்ட் மேட்சிங்னு ஒண்ணு இருக்கும், ஆன்ல இருந்தா ஃபார்ம்ல இருக்கற மெயில், ஃபோன் நம்பர ஹேஷ் பண்ணி எடுத்துக்கும். தெரிஞ்சு வெக்கறதுன்னா வைங்க, தெரியாம இருக்கக் கூடாது.

புதுசா மாத்தினத நேரா போடாம, ரிப்போர்ட்-ஒன்லி ஹெடரா ரெண்டு நாள் ஓட்டுங்க. எதையும் தடுக்காது, எது தடுபட்டிருக்கும்னு மட்டும் சொல்லும். பழைய ஹெடரும் கூடவே இருக்கலாம்.

கொங்குதறி:
மூணு நாள் கழிச்சு வர்றேன். தனி ஃபைல் வழிதான், அனலிட்டிக்ஸும் பிக்சலும் ஓடுது, கூடை பட்டனும் உயிரோட இருக்கு. செக்-அவுட்ல எதுவும் கிடையாது. ரெக்கார்டிங் டூல்ல நானே ஒரு ஆர்டர் போட்டு பாத்தேன், அட்ரஸ் அப்படியே படிக்கற மாதிரி தெரிஞ்சுது, மாமாகிட்ட காட்டினேன், "எடுத்து வீசுடா அத"ன்னுட்டாரு. பப்ளிஷ் உரிமைய வாங்கினதுல ஏஜென்சிக்கு கோவம், ஒவ்வொரு மாத்தத்துக்கும் எனக்கு வாட்ஸ்அப் பண்ணணும்ல.

ஒரே ஒரு சந்தேகம், ரிப்போர்ட்ல நான் கேள்வியே படாத ஸ்க்ரிப்ட் பேரெல்லாம் வருது, குரோம்-எக்ஸ்டென்ஷன்னு ஆரம்பிக்குது. திரும்ப யாராச்சும் பூந்துட்டாங்களா?

பழையசர்வர்:
இல்ல இல்ல, அது கஸ்டமர் ப்ரௌசர்ல போட்டு வெச்சிருக்கற எக்ஸ்டென்ஷன். அதுல ஆரம்பிக்கற வரிய வடிகட்டிட்டு மிச்சத்த மட்டும் பாருங்க.