ஹாட் டூனாவின் முதல் ஆல்பம்: பேஸுக்கு அங்கே என்ன வேலை?

கேள்வி:
வணக்கம். ஃபிங்கர்பிக்கிங், அதாவது கிட்டார் தந்திகளை விரல்களால் மீட்டும் முறை, பழகிக்கொண்டிருக்கிறேன். அதற்காகவே ஹாட் டூனா என்ற அமெரிக்க ப்ளூஸ் குழு 1970-இல் வெளியிட்ட லைவ் ஆல்பத்தை விடாமல் கேட்கிறேன். யோர்மா கௌகோனென் கிட்டார் வாசித்துப் பாடுகிறார், ஜாக் கேசடி பேஸ் கிட்டார், கூடவே வில் ஸ்கார்லெட்டின் மௌத் ஆர்கன். டிரம்ஸே கிடையாது. என் சந்தேகம் இதுதான்: யோர்மாவின் கட்டைவிரலே தடித்த தந்திகளில் தாளத்தைப் பிடித்துக்கொள்கிறது. அப்புறம் பேஸ் எதற்கு? ஆனால் அது இல்லாமல் அந்த ஆல்பத்தை நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை.

பதில் 1:
நல்ல கேள்வி தம்பி. கட்டைவிரல் செய்வதைக் கேசடி திரும்பச் செய்வதே இல்லை. தாளத்தை அதனிடமே விட்டுவிட்டு, மேலே ஏறி, தனியாக ஒரு மெட்டு வாசிக்கிறார். ‘டெத் டோன்ட் ஹாவ் நோ மெர்சி’யைக் கேளுங்கள். யோர்மா ஒரு வரி பாடி நிறுத்துவார். அந்த இடைவெளியில் பேஸ் பதில் சொல்லும், அடுத்த வரி வந்ததும் ஒதுங்கிவிடும். பேஸ் மட்டும் எலக்ட்ரிக் என்பதையும் கவனியுங்கள். கிட்டாரின் ஒலி சட்டென்று அடங்கும் இடத்தில் பேஸ் ஸ்வரம் இன்னும் நிற்கிறது. அந்த ஆல்பத்தின் கனம் எனக்கு அங்கேதான் இருக்கிறது. இருவரும் வாஷிங்டனில் சிறுவயதிலிருந்தே சேர்ந்து வாசித்தவர்கள். 1969 ஆகஸ்டில் தங்கள் ராக் குழுவான ஜெஃபர்சன் ஏர்ப்ளேனோடு வுட்ஸ்டாக் இசை விழா மேடையில் லட்சக்கணக்கானவர்கள் முன்னால் வாசித்துவிட்டு, அடுத்த மாதமே பெர்க்லியில் ‘நியூ ஆர்லியன்ஸ் ஹவுஸ்’ என்ற சின்ன கிளப்பில் உட்கார்ந்து இதைப் பதிவு செய்தார்கள். இவ்வளவு நிதானம் அவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்று இன்றும் வியக்கிறேன்.

பதில் 2:
‘அங்கிள் சாம் ப்ளூஸ்’ பாட்டில் கண்ணாடி உடையும் சத்தம் கேட்கும், கவனித்தீர்களா? ரசிகர்கள் இதை ‘கண்ணாடி உடையும் ஆல்பம்’ என்றே சொல்வார்கள். அதை வெட்டி எடுக்காமல் விட்டதற்கு நன்றி சொல்ல வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
இப்போதுதான் கேட்டேன் அண்ணா, அந்தப் பதில் சொல்லும் இடங்கள் புரிகின்றன! இந்த வாசிப்பு முறைக்கு மூலம் யார்?

பதில் 1:
பெரும்பகுதி ரெவரண்ட் கேரி டேவிஸ். 1896-இல் தென் கரோலினாவில் பிறந்தவர், பார்வையற்ற பாதிரியார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டுமே வைத்து அத்தனையும் வாசித்தார். ‘டெத் டோன்ட்’ அவருடைய பாட்டுதான். அவரையும் தேடிக் கேளுங்கள். பழகுவதற்கு ‘ஹெசிடேஷன் ப்ளூஸ்’ எடுங்கள். முதலில் பேஸை மட்டும் வாயால் முணுமுணுத்துப் பழகுங்கள், பிறகு கிட்டாரைத் தொடலாம். கடைசியில் வரும் ‘மான்ஸ் ஃபேட்’ இப்போதைக்கு வேண்டாம். அந்த வேகத்துக்குக் கட்டைவிரல் தானாக ஓட வேண்டும்.