அப்பாவுக்குச் சிறுநீரில் ரத்தம், வலி இல்லை

பெரம்பூரிலிருந்து:
அப்பாவுக்கு வயது 64. 30 வருஷமாக பீடி. போன வாரம் இரண்டு நாள் சிறுநீர் பீட்ரூட் தண்ணீர் மாதிரி போனது. தானாகத் தெளிந்துவிட்டது. "உடம்புச் சூடுதான், இளநீர் போதும்" என்கிறார். விட்டுவிடலாமா?

மயிலாப்பூரிலிருந்து:
தயவுசெய்து விடாதீர்கள். என் அண்ணனும் நின்றுவிட்டதென்று நான்கு மாதம் சும்மா இருந்தார். சிறுநீர்ப்பையில் கட்டி. புகையிலை நச்சைச் சிறுநீரகம் வடிகட்டி அனுப்ப, அது பையில் தேங்கி உட்சுவரைக் கெடுக்கிறது. ஸ்கேனில் சின்னக் கட்டி தப்பிவிடலாம். குழாய் விட்டுப் பார்க்கும் சிஸ்டோஸ்கோபி பற்றிக் கேளுங்கள். அண்ணனுக்குப் பத்தே நிமிஷம்தான் ஆனது.

தாம்பரத்திலிருந்து:
பிஎஸ்ஏ என்ற ரத்தப் பரிசோதனை போதும் என்று இருந்துவிடாதீர்கள்; அது புராஸ்டேட் சுரப்பிக்கானது, சிறுநீர்ப்பைக் கட்டியைக் கண்டுபிடிக்க உதவாது. சென்ட்ரல் எதிரே அரசு பொது மருத்துவமனையிலேயே யூராலஜி (சிறுநீர்ப் பாதை நோய்) பிரிவு இருக்கிறது.

பெரம்பூரிலிருந்து:
சரிங்க, நாளைக் காலையிலேயே அழைத்துப் போகிறேன்.